கைப்பேசிச் செய்தியும் காவலும்

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஆபிஸ் கிராணியோ பள்ளி வாத்தியாரோதான் படித்துச் சொல்வார். வசதியான ஏற்பாடுதான். ஆனால் வீட்டுச் சங்கதி அன்று மாலையே லயம் முழுவதும் தெரிந்துவிடும்.

இன்று புலனம் என்று நாம் சொல்லும் வாட்சாப் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில் செல்லும் செய்திகள் 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் முனைக்கு முனை பூட்டப்பட்டே செல்கின்றன. அனுப்புகிறவர் கைப்பேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுகிறவர் கைப்பேசியில்தான் திறக்கிறது. நடுவிலுள்ள நிறுவனத்தாலும் அதைப் படிக்க முடியாது. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது வேறு. உறைமேல் உள்ள முகவரி தபால்காரர் கண்ணுக்குத் தெரியத்தானே செய்யும்.

பிறகு கவலை எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர் அம்மாவுக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வந்தது. "அக்கா, தவறிப்போய் உங்க நம்பருக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும், கொஞ்சம் அனுப்புங்க." அவரும் அனுப்பிவிட்டார். புலனத்தில் தொலைபேசி எண்தான் கணக்கு. வேறொரு கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்தால், உரியவருக்குக் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வரும். அதை யார் தட்டுகிறாரோ அவர் கைக்குக் கணக்கு போய்விடும். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் நம் வீட்டுப் பெரியவர்கள்கூடத் தொடங்க முடிந்தது இந்த எளிமையால்தான். திருடனும் அதே வாசல் வழியாகத்தான் வந்தான். மாலைக்குள் அந்த அம்மா பெயரில், "அவசரம், 500 வெள்ளி அனுப்புங்க, நாளைக்குத் தந்துடுறேன்" என்று பலருக்கும் செய்தி போனது. இருவர் அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கு அது அந்த மாத வீட்டுச் செலவுப் பணம்.

இதற்கு மாற்று உண்டு. அமைப்புகளில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்ற பகுதியில் நாமே ஓர் ஆறு இலக்க எண்ணை வைத்துக்கொள்ளலாம். குறுஞ்செய்தி எண் திருடனுக்குக் கிடைத்தாலும் இந்த எண் தெரியாமல் உள்ளே வர முடியாது. அவ்வப்போது கேட்டு நச்சரிக்கும், உண்மைதான். என் மாமியார் மூன்று முறை மறந்துவிட்டார். மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து வைத்தால் மறந்தாலும் மீட்கலாம். கணக்கு பறிபோனால் உடனே நம் எண்ணை நம் கைப்பேசியில் மறுபடியும் பதிய வேண்டும். அந்தக் கணமே திருடன் வெளியேற்றப்படுவான். பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணுக்குத் தாமதமின்றி அழையுங்கள்.

இன்னொன்று, காப்புப் பிரதி. கைப்பேசி ஆற்றில் விழுந்தாலும் பழைய உரையாடல்கள் திரும்பி வருவது இதனால்தான். ஆனால் கூகள், ஆப்பிள் சேமிப்பகங்களுக்குப் போகும் அந்தப் பிரதிக்கு முனைக்கு முனைப் பூட்டு தானாக விழுவதில்லை. 2021ஆம் ஆண்டுதான் அந்த வசதி வந்தது. நாமே அதைத் திறந்துவிட வேண்டும். திறந்தபின் கடவுச்சொல்லை மறந்தால் எல்லாம் போயிற்று, நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. என் கைப்பேசியில் அதைப் போட்டிருக்கிறேன். மாமியாருடையதில் போடவில்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள் தொலைந்தால் அவர் தாங்க மாட்டார்.

டெலிகிராமில் எந்தக் கருவியில் திறந்தாலும் எல்லாச் செய்தியும் இருக்கிறதே என்று சிலர் மெச்சுவார்கள். வழக்கமான உரையாடல்கள் நிறுவனத்தின் கணினிகளில் இருப்பதால்தான் அது முடிகிறது. அங்கே முனைக்கு முனைப் பூட்டு, 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால் மட்டுமே உண்டு. குழுக்களுக்கு அது கிடையாது.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பதிவுக்காக, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோர் அடையாள அட்டையையும் படம் பிடித்துக் குழுவிலேயே போடச் சொன்னவர் ஆசிரியராகிய நான்தான். ஒவ்வொருவராக அலுவலகம் வர வேண்டாமே என்று நினைத்தேன். கணக்கு பறிபோன அன்றுதான் உறைத்தது. இப்போது தாள்களை நேரில் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தருகிறேன். பழைய படங்களை என் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். மற்றக் கைப்பேசிகளில் தானாகச் சேமிக்கப்பட்டவை எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கின்றனவோ, ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.