பெயர் சொல்லி அழைப்போம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா நாளில் இனிய பொருள் பற்றிப் பேசுவதே மரபு. எனினும், பெண்மக்களை விலைப்பொருளாக்கும் கொடுமை குறித்தும், அதனை எதிர்த்து மாதா கோவில் பங்குகள் ஆற்றிவரும் தொண்டு குறித்தும் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அக்கொடுமை எங்கோ தொலைவில் நடப்பதன்று. இத்தலைநகரில் நம் அடுக்களை வாயில்வரை வந்து நிற்பது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேல்மாடி வீட்டில் ஓர் இளம்பெண் வேலை பார்த்து வந்தாள். அவளை ஒரு சினிமா நடிகையின் பெயரால் அழைத்தனர். பதினொரு மாதம் அவளை நாள்தோறும் படிக்கட்டில் கண்டிருந்தும் நான் ஒரு வார்த்தை விசாரித்தேனில்லை. ஒருநாள் அவளே, "அம்மா, கோவிலுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டாள். வீட்டாரிடம் சொல்லி, ஞாயிறு காலை அழைத்துச் சென்றேன். பூசை முடிந்ததும் கன்னியர் ஒருவர் சாத்ரி மொழியில் அவள் பெயரைக் கேட்டார். அவள் வேறொரு பெயரைச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். சினிமாப் பெயர் தரகன் இட்டது. ஊதியம் முழுவதும் அவன் கைக்கே போயிற்று. ஊருக்கு ஒரு காசும் போகவில்லை. பங்குக் குருவானவர் அவளது ஊர்ப் பங்கிற்கு எழுதினார். ஒரு மாதத்தில் அவள் தந்தை எங்கள் வாயிலில் வந்து நின்றார். ஊதிய பாக்கியில் பாதிதான் கிடைத்தது. ஆனால் பெண் கிடைத்தாள்.

ஜார்க்கண்டின் கும்லா, சிம்டேகா, கூண்டி மாவட்டங்களிலிருந்தும், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களிலிருந்தும் ஆதிவாசிப் பெண்கள் பலர் இவ்வாறு அழைத்து வரப்படுகின்றனர். அழைத்து வருபவன் பெரும்பாலும் அறிந்த முகம்: உறவினன் அல்லது அயலான். இது நமக்குப் புதிய கதையா? இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் மக்களை அழைத்துச் சென்ற கங்காணியை நாம் மறந்துவிடவில்லை. அவன் தந்த முன்பணமே அவர்கள் காலுக்கு விலங்காயிற்று.

பெயரைப் பறிப்பது அடிமைப்படுத்துவோரின் பழைய தந்திரம். சூடான் நாட்டின் டார்பூர்ப் பகுதியில் 1869ஆம் ஆண்டளவில் பிறந்த ஒரு சிறுமியை அடிமை வணிகர் கவர்ந்து சென்றனர். அச்சத்தால் அவள் தன் பெயரையே மறந்தாள். அவர்கள் இட்ட பெயர் பக்கீத்தா. அரபு மொழியில் 'பேறு பெற்றவள்' என்று பொருள்! பல கைகள் மாறி, இத்தாலியில் ஒரு குடும்பத்துக் குழந்தைக்குச் செவிலியானாள். அக்குடும்பத்தார் வெளிநாடு சென்றபோது வெனிஸ் நகரில் கனோசியக் கன்னியரிடம் அவளை விட்டுச் சென்றனர். வீட்டுத் தலைவி திரும்பி வந்து அழைத்தபோது அவள் போக மறுத்தாள். கன்னியர் அவள் பக்கம் நின்றனர். வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. அவள் சட்டப்படி என்றுமே அடிமையாக இருந்ததில்லை என்று 1889 நவம்பர் 29ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பின்னர் அவளே கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1947 பிப்ரவரி 8ஆம் நாள் மறைந்தாள். 2000ஆம் ஆண்டில் புனிதையாக உயர்த்தப்பட்டாள். அவள் மறைந்த நாளையே மனித வாணிபத்திற்கு எதிரான செப நாளாகக் கத்தோலிக்கத் திருச்சபை 2015 முதல் கடைப்பிடித்து வருகிறது.

செபத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பல நாட்டுக் கன்னியரை ஒன்றிணைத்து 2009இல் 'தலித்தா கூம்' என்னும் அமைப்பு உருவாயிற்று. 'சிறுமியே, எழுந்திரு' என்பது அதன் பொருள். நம் நாட்டில், பெல்ஜியத்தில் பிறந்த அருட்சகோதரி ஜீன் டெவோஸ் 1985இல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் சார்ந்த கன்னியர் சபை 1897இல் தோன்றிய இடம் இன்றைய குமரி மாவட்டத்து முளகுமூடு என்பது தமிழராகிய நாம் மகிழத்தக்க செய்தி.

இத்தொண்டின் உயிர்நாடி எது? ஞாயிற்றுக்கிழமைதான். தன் மொழி பேசுவோர் நடுவே, தன் பெயர் சொல்லி அழைப்போர் நடுவே, ஒரு பெண் வாரத்தில் சில மணி நேரம் இருந்தால் போதும். தரகனின் பொய் வெளிப்பட்டுவிடும். ஆனால் அவளைப் பங்கு அறிய வேண்டுமானால், வீட்டார் அவளை வெளியே விடவேண்டும். அந்த வீட்டார் நாமே!

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு மனித வாணிபத்தைத் தடை செய்கிறது. பதினான்கு வயது நிறையாத சிறாரை வேலைக்கு அமர்த்துவது குற்றம். சட்டம் இருக்கிறது, அது வீட்டுக்குள் நுழையக் கதவைத் திறக்க வேண்டியவர் இல்லத்தரசியர். பணிப்பெண்ணின் உண்மைப் பெயரையும் ஊரையும் கேட்டறியுங்கள். ஊதியத்தை அவள் கையிலேயே கொடுங்கள். தாய் தந்தையரோடு தொலைபேசியில் பேச விடுங்கள். அவள் எச்சமயத்தினளாயினும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அளியுங்கள். ஐயம் எழுந்தால் 112, மகளிர்க்கு 181, சிறார்க்கு 1098 என்னும் எண்களுக்குச் சொல்லுங்கள்.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். நம்மை நம் பெயர் சொல்லித் தமிழில் அழைக்க இச்சங்கம் இருக்கிறது. அந்த இன்பம் நம் வீட்டில் உழைக்கும் பெண்ணுக்கும் வாய்க்கட்டும் என்று கூறி அமைகிறேன்.