வகுப்பறையின் அறிவு வகுப்பறையோடு முடிந்துவிடலாகாது

(நல்லேப்பிள்ளியில் ஆசிரியத் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



சித்தூர் வட்டத்துப் பள்ளியொன்றில் 'வெள்ளம்' என்னும் சொல் பாடத்தில் வருகிறது எனக் கொள்வோம். மலையாளத்தை வீட்டு மொழியாகக் கொண்ட குழந்தைக்கு அது குடிக்கும் நீர். தமிழ்க் குழந்தைக்கோ ஊரை அடித்துச் செல்லும் பெருக்கு. 'பட்டி' என்றால் ஒருவருக்கு நாய், மற்றவருக்குச் சிற்றூர். அறிவியல் வினா ஒன்றுக்குத் தமிழ்க் குழந்தை பிழையாக விடையளித்தால், அதற்கு அறிவியல் தெரியவில்லையா, வினாவின் மொழி விளங்கவில்லையா? அன்றாடம் உடனிருந்து இதைக் கண்டறியக்கூடியவர் ஆசிரியரே.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது சித்தூரிலும் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் மொழிச் சிறுபான்மையினராயினர். அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, அத்தகைய குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு பணிக்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. அது வகுப்பறையில் எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கான சான்றைத் திரட்ட வேண்டியவர் யார்?

ஆய்வு என்பது பல்கலைக்கழகத்தாரின் தனியுடைமை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்னும் வர்க்கச் சமூகத்தின் பிரிவினையே இங்கும் ஒளிந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் தோன்றிய கல்வி, பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாய்வும் ஒரு கடமையாக வகுக்கப்பட்டது. எனினும் ஆசிரியர் பெரும்பாலும் பயிற்சி பெறுபவராகவே அங்கு அழைக்கப்படுகிறார். அறிவை உருவாக்குபவராக அல்ல.

மாற்று வழிக்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் சான்று பகர்கிறது. 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அங்கு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. சோதனைகளைக் குழந்தைகளே செய்தனர். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தப் பாடம் நடந்தது, எது நடக்கவில்லை என விவாதித்தனர். அவர்களது பட்டறிவைக் கொண்டு பாடநூல்கள் திருத்தப்பட்டன. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய அத்திட்டத்தை, 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. ஆசிரியரின் ஆய்வு மக்களின் சொத்தாகி, மக்களின் பாதுகாப்பைப் பெற வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

தொடக்கம் எளியதாக இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி, ஒரு பருவம், ஒரு குறிப்பேடு. குழந்தை செய்த பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதோடு நிறுத்தாமல், தேதியிட்டு எழுதி வைத்தல். அதே வினாவை வீட்டு மொழியில் கேட்டுப் பார்த்தல். இரு விடைகளையும் ஒப்பிடுதல். அடுத்த பள்ளியில் வேறோர் ஆசிரியர் அதையே செய்து பார்த்தால், தனியொருவரின் கருத்து சோதிக்கப்பட்ட அறிவாக வளரத் தொடங்கும். தோல்வியுற்ற முயற்சிகளும் மறைக்கப்படாமல் பதிவாக வேண்டும். குழந்தைகளின் பெயர்களோ குடும்ப நிலையோ வெளியாகலாகாது.

ஆசிரியரின் தோளில் இதை மற்றுமொரு சுமையாக ஏற்றுவது நியாயமன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. அதனை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோருவது ஆய்வுக்கான நேரத்தைக் கோருவதுமாகும். ஆசிரியர் கூடுகைகளில் ஆய்வுப் பகிர்வுக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தமிழில் எழுதப்படும் அறிக்கைகள் ஏற்கப்பட வேண்டும். சங்க இதழ்கள் அவற்றுக்குப் பக்கங்கள் அளிக்க வேண்டும்.

ஆசிரியர் பணிமாற்றம் பெறும்போதும் ஓய்வு பெறும்போதும் பல்லாண்டுக் கால அறிவு அவரோடு வெளியேறிவிடுகிறது. மாணவர் எண்ணிக்கையை மட்டும் காட்டிச் சிறுபான்மை மொழிப் பள்ளியின் தேவை கேள்விக்குள்ளாக்கப்படும் நாளில், வெறும் உணர்ச்சி அப்பள்ளியைக் காக்காது. அங்கு குழந்தைகள் என்ன கற்றனர், எவ்வாறு கற்றனர் என்பதற்கான பதிவு மக்களின் கையில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கம் இந்தக் கல்வியாண்டிலேயே எழுதப்படட்டும்!