ஐந்தாவது கதைக்கு முன்னால் முடிந்த கூட்டம்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான்கு மாதங்களுக்கு முன்னால் இதே மொட்டை மாடியில் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். அன்றைக்குக் கூட்டம் சண்டையில் முடிந்தது. முடித்து வைத்தவன் நான்தான். எப்படி முடித்து வைத்தேன் என்பதைச் சொல்வதற்காகத்தான் இன்றைக்குப் பேச நேரம் கேட்டேன்.

அன்று வராதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1994இல் ஆங்கிலத்தில் வந்த நாவல். ஆறு கதைகள் சேர்ந்து ஒரு நாவலாகிறது. கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பம். அதில் அர்ஜி என்ற பையன். சிறுவனாக இருக்கும்போது பெண் பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். சேலை கட்டிக்கொண்டு மணப்பெண்ணாக நிற்பதுதான் அவனுக்குப் பிடித்த வேடம். பெரியவர்கள் பார்த்துவிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அப்பாவுக்கு அவமானமாகிவிடுகிறது. இனிமேல் பையன்களோடு கிரிக்கெட் விளையாடு என்று உத்தரவு. பிறகு அவன் வளர்கிறான். பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையன் மீது காதல் வருகிறது. 1983 ஜூலை வருகிறது. வீடு எரிகிறது. குடும்பம் கனடாவுக்குப் புறப்படுகிறது. எழுதியவர் 1965இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். அவர் குடும்பமும் 83க்குப் பிறகு கனடா போனதுதான்.

நம் வட்டத்தில் பாதிப் பேருக்கு ஆங்கில நாவலை முழுதாகப் படிக்க வராது. எனக்கே தடுமாற்றம். அதனால் ஓர் இளம் தோழர், வாரம் ஒரு கதையாகப் படித்து வந்து, நமக்குத் தமிழில் சொன்னார். நன்றாகச் சொன்னார். நான்கு கதை முடிந்த அன்றைக்குத்தான் அந்தச் சண்டை.

மூன்று விதமான கருத்து வந்தது. ஒரு தோழர், "காதல் கதைன்னு சொன்னீங்க, நாலு கதை முடிஞ்சும் அந்தப் பையனுக்குக் காதலே வரலையே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஷெஹான் ஐந்தாவது கதையில்தான் வருகிறான். இதைக் காதல் நாவலாக எதிர்பார்த்து எடுப்பவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு அந்தத் தாமதம் சரியாகப் படுகிறது. நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கும் காதல் முதலில் வருவதில்லை. அவன் நடையைப் பார்த்து ஊர் வைக்கும் பட்டப்பெயர்தான் முதலில் வருகிறது. தான் யார் என்று அவனுக்குத் தெரியும் முன்பே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அர்ஜிக்கும் அப்படித்தான்.

இரண்டாவது கருத்து கோபமாக வந்தது. இது கொழும்பு மேட்டுக்குடித் தமிழர் கதை, வேலைக்காரப் பெண் சமைத்துப் போடுகிற வீட்டின் கதை, சாதி ஒரு கேள்வியாக எழவே இல்லை என்றார்கள். இதை நான் அன்றும் ஒப்புக்கொண்டேன், இன்றும் ஒப்புக்கொள்கிறேன். கே. டானியலின் 'பஞ்சமர்' படித்தவர்களுக்கு ஈழத் தமிழ்ச் சமூகத்தின் இன்னொரு முகம் தெரியும். 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழையப் போராடிய மக்களும் தமிழர்கள்தான், அவர்களை வழிமறித்தவர்களும் தமிழர்கள்தான். அந்த வரலாற்றின் நிழல் செல்வதுரையின் நாவலில் விழவில்லை.

வர்க்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது அன்றைக்கு யாரும் பேசாதது. நான்காவது கதையில் அர்ஜியின் அப்பாவுக்குக் கடற்கரையில் ஓட்டல் இருக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் வெளிநாட்டு ஆண்களோடு ஓட்டல் அறைக்குப் போகிறார்கள். அப்பாவுக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிகள் வெறும் கடலைப் பார்க்க வருவதில்லை என்று அவரே சொல்கிறார். தன் மகன் 'அப்படி' ஆகிவிடுவானோ என்று பயப்படுகிற அதே மனிதர். மகன் உடம்பில் என்றால் அசிங்கம், ஏழை வீட்டுப் பையன் உடம்பில் என்றால் வரும்படி. நாவல் இதைக் காட்டிவிட்டு நகர்ந்துபோகிறது. அந்தக் கடற்கரைப் பையன்களில் ஒருவன் சொன்னால் இந்தக் கதை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

மூன்றாவது கருத்து என்னுடையது. அன்றைக்கு நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஓர் இனமே எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அதுக்கு நடுவுல ஒரு பையன் இன்னொரு பையனை நேசிச்சதுதான் நமக்குப் பேச்சா? அதுவும் சிங்களப் பையனை. இது தனிமனிதப் பிரச்சினை தோழர். முதல்ல சாதி ஒழியட்டும், இன விடுதலை வரட்டும், இதை அப்புறம் பேசிக்கலாம்." சிலர் தலையாட்டினார்கள். மணி எட்டரை ஆகிவிட்டது என்று கூட்டத்தை முடித்தேன். அடுத்த வாரம் வேறு புத்தகம் என்று அறிவித்ததும் நான்தான்.

அடுத்த வாரம் கதை சொன்ன தோழர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தேர்வாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றார். டீ பாதி குடித்த பிறகு, "நான் அஞ்சாவது கதையைத்தான் நல்லா தயார் பண்ணி வச்சிருந்தேன். நீங்க அதுக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரைப் பற்றி நான் வேறு எதுவும் கேட்கவில்லை. நீங்களும் யாரும் கேட்க வேண்டாம். இதைப் பேசப் போகிறேன் என்று அவரிடம் அனுமதி வாங்கித்தான் பேசுகிறேன்.

வீட்டுக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்தாவது கதையைப் படித்தேன். ஒன்பது நாள் ஆனது.

அர்ஜியின் அப்பா அவனை ஓர் ஆண்கள் பள்ளியில் சேர்க்கிறார். அங்கே போனால் 'ஆம்பளை' ஆகிவிடுவான் என்று நம்பிக்கை. முதல்வருக்குப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் பிளாக் டை. பிரம்பால் அடிப்பார், வெயிலில் முட்டி போட வைப்பார். முடி வளர்த்திருக்கிறான் என்று ஷெஹானை வதைக்கிறார். இதே முதல்வருக்கு நாற்காலி ஆடுகிறது. துணை முதல்வர் பள்ளியை சிங்கள பௌத்தப் பள்ளியாக்க நினைக்கிறவர். பரிசளிப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார். அர்ஜி இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிக்க வேண்டும், அந்தக் கவிதைகளை வைத்து முதல்வர் உரையாற்றி அமைச்சரின் ஆதரவை வாங்க வேண்டும். இதுதான் திட்டம்.

அங்கே சுந்தரலிங்கம் என்று ஒரு தமிழ் ஆசிரியர். கெட்டவர் இல்லை. அவர் அர்ஜியைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்குகிறார். பிளாக் டை கொடுமைக்காரர்தான், ஆனால் அவர் போய்விட்டால் இந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடம் இருக்காது, நம் ஆட்களுக்காக நீ இதைச் செய்ய வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. 83க்கு முந்தைய நிலைமை அதுதான்.

அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன் தோழர்களே. மேலே படிக்க முடியவில்லை. அந்த ஆசிரியர் பேசியது என் பேச்சு. நான் மொட்டை மாடியில் பேசியதை முப்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தோழர் அதைப் படித்துவிட்டுத்தான் என் முன்னால் உட்கார்ந்து நான் பேசியதைக் கேட்டிருக்கிறார்.

அர்ஜி என்ன செய்கிறான்? மேடையேறிக் கவிதைகளை வேண்டுமென்றே உளறிக் கொட்டுகிறான். கவிதையை நம்பி எழுதிய முதல்வரின் உரை கேலிக்கூத்தாகிறது. ஷெஹானை இனி அடிக்க முடியாதபடி செய்ய அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இது சரியா? நம் வட்டத்தில் இதற்கும் சண்டை வரும், வரட்டும். அவன் செய்ததால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நட்டம் வரலாம். நாவல் அதை மறைக்கவில்லை. அவனைத் தியாகி ஆக்கவும் இல்லை. ஆனால் 'நம் ஆட்கள்' என்ற கணக்கில் ஷெஹான் வரமாட்டான், அர்ஜியே பாதிதான் வருவான் என்பதை அவன் கண்டுகொள்கிறான்.

சிங்களப் பையன் என்று நான் குத்திக் காட்டினேன் அல்லவா? கடைசிக் கதை, கலவர நாட்குறிப்பு வடிவத்தில் வருகிறது. அதில் அர்ஜியே அதை உணர்கிறான். ஷெஹான் சிங்களவன், தான் தமிழன் என்பது முதல் தடவையாக இருவருக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. தாத்தாவையும் பாட்டியையும் காரோடு எரித்த பிறகு வராமல் இருக்குமா? காதல் எல்லாவற்றையும் கடந்துவிடும் என்று இந்த நாவல் எங்கேயும் சொல்லவில்லை.

இதைத் தனிமனிதப் பிரச்சினை என்று சொன்னேன். அதற்கும் இரண்டாவது கதையில் பதில் இருந்தது, நமக்கு வாசித்தும் காட்டினார், நான்தான் காதில் வாங்கவில்லை. அர்ஜியின் அத்தை ராதாவுக்கு அனில் என்ற சிங்களவர் மீது விருப்பம். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. பாட்டியின் தகப்பனை 1958 கலவரத்தில் கொன்றிருக்கிறார்கள். அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் ராதாவை ஒரு சிங்களக் கும்பல் அடிக்கிறது. அத்தோடு காதல் முடிகிறது. வீட்டார் பார்த்த தமிழ் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறார்.

யார் யாரோடு சேரலாம் என்று வீடு போடுகிற வேலி. இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே, சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஜோடி இல்லாமல் மிஞ்சுகிற ஆணையும் பெண்ணையும் சாதி என்ன செய்கிறது என்றுதான் அந்தக் கட்டுரை ஆராய்கிறது. அத்தை வேலியைத் தாண்டப் பார்த்தார். மருமகனோ வேலிக்குள் தனக்கென்று ஒதுக்கிய ஜோடியே வேண்டாம் என்கிறான். இருவரையும் அடக்குவது ஒரே வீட்டுக் கூடத்தில், ஒரே பெரியவர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டியபோது நாம் தெருவில் நின்றோம். அது இரண்டு பேரின் சொந்த விஷயம் என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டோம். அதே சொல்லை நான் இந்தப் பையனுக்குச் சொன்னேன்.

'அப்புறம்' என்று சொன்னேன். அந்த அப்புறம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இலங்கையில் இருந்தன. நாவல் வந்த மறு வருடம், 1995இல், 365ஏவைத் திருத்தினார்கள். எப்படித் திருத்தினார்கள் தெரியுமா? 'ஆண்' என்றிருந்ததை 'நபர்' என்று மாற்றி, பெண்களையும் குற்றத்துக்குள் கொண்டு வந்தார்கள்! இந்தியாவில் 377 செயலிழக்க 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. திருமணம் செய்துகொள்ளும் உரிமையை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது.

தீபா மேத்தா 2020இல் இதைப் படமாக எடுத்தபோது, முக்கிய வேடங்களில் தமிழர்கள் இல்லை, பேசுகிற தமிழ் தமிழாகவே இல்லை என்று புலம்பெயர்ந்த தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே பட்டது. தமிழ்ப் பையன் கதையைத் தமிழில் கேட்க வேண்டும் என்பதுதானே அது. நம் மாடியில் அதைத் தமிழில் சொல்ல ஒரு தோழர் இருந்தார்.

அவர் இன்று வந்திருக்கிறார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். ஐந்தாவது கதையைச் சொல்லக் கேட்டேன். "இப்ப வேண்டாம்ணே, நீங்க சொன்னதுக்கு என்ன பேசுறாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அதனால் நான் உட்காருகிறேன். மணி ஏழே முக்கால்தான் ஆகிறது. பேசுங்கள்.