மெருகும் மெழுகும்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர்க்குக் கவலைகள் இரண்டு. ஒன்று இயந்திரம், மற்றொன்று மேனி. இயந்திரம் தன் குறையைத் தானே முழங்கி அறிவித்துவிடும். மேனியின் குறையோ ஓசையின்றி வளர்வது. அம்மேனியின் வண்ணத்தைச் சிறு செலவிற் காப்பது எங்ஙனம் என்பதையே இன்று பேசக் கருதுகின்றோம்.

பெங்களூரின் தட்பவெப்பம் இதமானது என்று பெருமை கொள்கின்றோம். நம் உடம்புக்கு அது மெய். வண்டியின் வண்ணத்திற்கு அன்று. கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கும் மேலே அமைந்த ஊர் இது. காற்று குளிர்ந்திருந்தாலும் இவ்வுயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சற்று மிகுதியாகவே விழும். வெயில் உறைக்கவில்லையே என்று வண்டியை நாள் முழுதும் வெட்டவெளியில் நிறுத்திவிடுகின்றோம். நிழலைத் தேடிச் சென்றாலோ, தூங்குமூஞ்சி மரம் நிழலோடு பூவையும் பறவை எச்சத்தையும் சேர்த்தே வழங்குகின்றது. போதாக்குறைக்குச் செம்மண் புழுதி; கட்டட வேலைகளின் சிமெண்டுத் தூள்.

நம் வீட்டிற் சிவப்பு மாருதி 800 வண்டி ஒன்று உண்டு. வெளுத்துப்போன அதன் மேனியை ஒரு கடையில் இயந்திரத்தால் மெருகேற்றக் கொடுத்தோம். கண்ணாடிபோல் மின்னி வந்தது. மகிழ்ந்து மறு ஆண்டும் கொடுத்தோம். மூன்றாம் முறை, கதவின் விளிம்பிற் சிவப்பு நீங்கி அடிப்பூச்சின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. கடைக்காரர்மேற் குற்றம் இல்லை, கேட்டதைத்தான் செய்தார். முழு வண்டிக்கும் புது வண்ணம் பூச ஆகும் தொகையோ, அவ்வண்டியை விற்றாற் கிடைக்கும் தொகையினும் மிகுதியாக இருந்தது.

அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு அளவே கனம். மெருகு என்பது அதனைத் தேய்த்து எடுப்பது. மெழுகு என்பது அதன்மேல் ஒரு காப்பு இடுவது. ஒலியில் நெருங்கிய இவ்விரு சொற்களும் செயலில் எதிர் எதிர். முன்னது முதலைச் செலவழிக்கின்றது, பின்னது காக்கின்றது. ஆகவே மெருகு அரிதாகவும் மெழுகு அடிக்கடியும் வேண்டும். நாம் செய்தது நேர்மாறு.

நாள்தோறும் நாம் அறியாமலே நடக்கும் மெருகு ஒன்றும் உண்டு. விடியற்காலையில் ஒரு வாளி நீர், ஒரே துணி, பத்து வண்டிகள் என்று துடைக்கின்றார்களே, அதனைச் சொல்கின்றோம். மூன்றாவது வண்டிக்கு வரும்போதே வாளியில் இருப்பது சேற்றுநீர். வண்டியைத் துடைப்பவரை நோவதிற் பயனில்லை. அவருக்கு இரண்டாவது வாளியும் தூய துணிகளும் கொடுப்பது நம் கடமை. வாரம் ஒருமுறை துடைத்தாற் போதும் என்றும் சொல்லிவிடலாம். சம்பளத்தைக் குறைக்க வேண்டா.

நீரைப் பற்றியும் எண்ண வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டில் ஏற்றிக் கொணரப்படுவது நம் காவிரி நீர். 2024 மார்ச்சு மாதத் தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரோ பெரும்பாலும் உப்பு நீர். உலர்ந்தால் வெண்புள்ளி விழும். கூரையிற் பிடித்த மழைநீர் இருப்பின் அதுவே உத்தமம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டுவதே இல்லை. இரண்டு வாளி போதும். ஒன்றிற் சிறிது கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்று துணியை அலச. முதலில் மெல்ல நீர் தெளித்துப் புழுதியை நனைத்து இறக்கி, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு மெழுகையும் சேர்த்தே கரைத்துவிடும். மண்ணெண்ணெய் தடவினால் அன்று பளபளக்கும். மறுநாள் ஊர்ப் புழுதி எல்லாம் அதில் ஒட்டும். காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

மேனி சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்திருந்தால் மட்டும் மெருகை நினைக்கலாம். மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியாற் சிறிது மெருகுப்பசை தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே நிறமற்ற காப்புப் பூச்சு இல்லை என்று பொருள். பழைய வண்டிகளிற் பல இவ்வகையின. அங்கே மென்மையான பசையைக் கையாலேயே தேய்க்க வேண்டும். விளிம்புகளில் கை வைக்க வேண்டா.

பிறகு மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு கலந்த டப்பா ஒன்று, சிக்கனமாகத் தடவினால் ஓராண்டுக்கும் மேல் வரும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மெல்லியதாகத் தடவி, சற்று உலர்ந்ததும் தூய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கனமாகப் பூசினால் காப்பு மிகுவதில்லை. துடைக்கும் கைதான் நோகும். மீண்டும் எப்போது தடவுவது என்று நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. மழை பெய்த பின் முன்மூடியின்மேல் நீர் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கின்றது. படலமாகப் பரந்து கிடந்தால், அடுத்த ஞாயிறு காலையில் டப்பாவைத் திறக்கலாம்.