புறக்காயம் இல்லையென்று இருந்துவிடலாமா?



மாமரத்தால் விழுந்த சிறுவன் எழுந்து நிற்கிறான். நெஞ்சிலே ஒரு கீறலுமில்லை. "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இங்கேதான் நாம் பிழை விடுகிறோம்.

வளர்ந்தோரின் விலா எலும்பு காய்ந்த கம்பு போன்றது; பலத்த அடிபட்டால் முறியும். பிள்ளையின் விலாவோ பச்சைக் கம்பு, வளைந்து மீளும். ஆனால் அடியின் வேகம் உள்ளேயிருக்கும் நுரையீரலைத் தாக்கிவிடும். எனவே எலும்பு முறியாமலே நுரையீரல் கன்றி இரத்தம் கசியலாம். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துத் தோன்றுவதும் உண்டு.

ஆகையால், பலமாக அடிபட்ட பிள்ளையை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். மூச்சு வேகமானாலோ, மூச்சிழுக்கையில் விலாவிடை குழிந்தாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, உடனே 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழைப்போம். அதுவரை பிள்ளையை வீணே அசைத்தலும், எண்ணெய் பூசி உருவுதலும், உண்ணக் குடிக்கக் கொடுத்தலும் ஆகா.

வைத்தியசாலையில் சுவாசப்பாதை, சுவாசம், இரத்தோட்டம் என்ற ஒழுங்கிலே பார்ப்பர், ஒட்சிசன் அளிப்பர். நெஞ்சறையிற் காற்று அடைபட்டு இருதயத்தை நெருக்கினால், எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் காத்திராது ஊசியால் அதனை வெளியேற்றிப் பின் குழாயிடுவர். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. காலத்தோடு கொண்டு சேர்ப்பதே வேண்டும்.

ஏச்சுக்கு அஞ்சி விழுந்ததை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. பெரியோர்களே, முதலில் ஏசாது கேட்போம். நண்பர்களே, கண்டதை மறையாது சொல்வோம்.