வாசல் தோட்டத்திற்கு 12 வோல்ட் விளக்கு



நம் தோட்டப்புற வாழ்க்கையில் வெளிச்சம் படிப்படியாகவே வந்தது. முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு, பல தோட்டங்களில், ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் மட்டும் எரிந்த பல்பு. அதன் பிறகே இரவும் பகலும் நில்லாமல் கிடைக்கும் மின்சாரம். 1949-ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990-இல் தெனாகா நேஷனல் என்றும் மாறிய நிறுவனத்தின் கம்பிகள் இன்று நம் வாசல்வரை வந்திருக்கின்றன. வீட்டுக்குள் வெளிச்சம் வந்த பிறகு, வாசலிலும் நாலு விளக்கு எரியவேண்டும் என்று மனம் விரும்புவது இயல்பே.

சிரம்பானை அடுத்த அம்பாங்கான் வட்டாரத்தில், லயத்து வீடானாலும் தோட்டத்தை விட்டுக் குடியேறிய தாமான் வீடானாலும், முன்புறத்தில் ஒரு துளசி மாடம், செம்பருத்தி வேலி, நாலு வாழை, மாமரத்தடியில் சின்னதாக ஒரு சாமி மேடை என்று நாம் வைத்துக்கொள்கிறோம். அந்த இடத்திற்கு அழகாகவும் ஆபத்தில்லாமலும் எப்படி விளக்குப் போடுவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

வழக்கமாக நாம் செய்வது என்ன? தீபாவளி நெருங்கியதும் சன்னல் வழியே ஒரு நீள வயரை வெளியே விடுகிறோம். இரண்டு முள் பிளக் சாக்கெட்டில் நுழையாவிட்டால், மேல் துளையில் ஒரு குச்சியைக் குத்தித் திறந்து செருகுகிறோம். வயர் எட்டாவிட்டால் இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றிப் புல்லின்மேல் போட்டுவிடுகிறோம். வயருக்குள் ஓடுவது வீட்டின் 230 வோல்ட் மின்சாரம். தீபாவளி வருவதோ அக்டோபர், நவம்பர் மாதங்களில். நெகிரி செம்பிலானில் பிற்பகல் இடியும் மழையும் மிகுந்த காலம் அது. ஈரப் புல், அவிழ்ந்த டேப், வெறுங்காலோடு மத்தாப்பு பிடித்து ஓடும் பிள்ளைகள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சேரலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

மின்சாரம் உடலில் பாய்ந்தால் என்ன ஆகிறது? ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மில்லி ஆம்பியர் என்று பெயர். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே கைத்தசை இறுகி, பிடித்த வயரை விடமுடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்திவிடும். அதே உடல் 12 வோல்ட்டைத் தொட்டால், பாய்வது ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உலர்ந்த தோல் என்றால் இன்னும் மிகக் குறைவு. மோட்டார் சைக்கிள் பாட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த விரலால் தொட்டவர்களுக்குத் தெரியும், ஒன்றும் உறைக்காது. அதுவும் 12 வோல்ட்தான்.

ஆகவே நாம் மனத்தில் கொள்ளவேண்டிய விதி ஒன்றே. வீட்டுச் சுவரைத் தாண்டும் முன்பே மின்சாரம் 12 வோல்ட்டாக இறங்கிவிடவேண்டும்.

அதை இறக்கித் தருவது டிரான்ஸ்பார்மர் என்னும் மின்மாற்றி. 1831-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒரு பக்கத்து மின்சாரத்தால் மறுபக்கத்தில் மின்சாரம் எழுவதைக் கண்டார். மின்மாற்றியின் அடிப்படை இதுவே. இரு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால் வீட்டு மின்சாரம் நேரே வாசலுக்குப் போக வழியில்லை. இன்று கடையில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குப் பெட்டிகளுக்குள்ளும் இத்தகைய பிரிப்பு இருக்கவேண்டும். பெட்டியின்மேல் சுருஹான்ஜாயா தெனாகா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரையில்லாத மலிவுப் பெட்டிக்குள் அந்தப் பிரிப்பு எப்படி இருக்கிறதென்று வெளியிலிருந்து காணமுடியாது.

இனி வேலைக்கு வருவோம். ஆளுக்கு 5 வாட் எடுக்கும் எல்.இ.டி. விளக்கு ஆறு போடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 வாட். பெட்டியை அதன் முழு அளவுக்கும் வேலை வாங்கக்கூடாது. நூற்றுக்கு எண்பது பங்கோடு நிறுத்தவேண்டும். ஆகவே 40 வாட் பெட்டி போதும். நாளை இரண்டு விளக்கு கூட்டும் எண்ணமிருந்தால் 60 வாட் பெட்டி நல்லது. மாலையில் ஐந்து மணி நேரம் எரித்தால் மாதத்திற்கு நாலரை யூனிட் ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஆறு எரித்திருந்தால் 54 யூனிட்.

அடுத்து வயர். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வோல்ட் குறைந்தால் அதே வெளிச்சத்திற்கு ஆம்பியர் கூடும். 30 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.13 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓடவேண்டும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு மெல்லிய குழாயும் போதும். தாழ்ந்த தொட்டியிலிருந்து அதே தண்ணீர் வேண்டுமென்றால் குழாய் பருமனாக இருக்கவேண்டும்.

வீட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி ஆறு விளக்கும் இருந்தால், போக வர 40 மீட்டர் கம்பி. ஒலிபெருக்கிக்கு இழுக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் வழியிலேயே ஏறத்தாழ 4 வோல்ட் தொலைந்துபோகும், விளக்கு மங்கும். 1.5 வயரில் 1.2 வோல்ட் தொலையும். 2.5 வயரில் முக்கால் வோல்ட் அளவே தொலையும். இன்னொரு வழியும் உண்டு. பெட்டியை வாசலின் நடுப்பகுதிக்கு நேரே வைத்து, பக்கத்திற்கு மூன்று விளக்காக இரு கிளை பிரித்தால், ஒவ்வொரு கிளையிலும் தூரமும் பாதி, மின்னோட்டமும் பாதி. இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். செலவில்லாத சிக்கனம் இது.

பெட்டியை எங்கே மாட்டுவது? வெளிப்புறத்திற்கு என்று குறிப்பு இல்லாத பெட்டி வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும்; 12 வோல்ட் வயர் மட்டும் வெளியே போகட்டும். வெளிப்புறப் பெட்டியானாலும் தாழ்வாரத்தின் கீழ், தரையிலிருந்து ஓர் அடிக்கு மேலே, காற்றோட்டம் உள்ள இடத்தில் மாட்டுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் சற்றுத் தாழ்ந்து தொங்கி, பிறகு மேலேறட்டும். வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். செடிகளிடையே நிற்கும் விளக்கில் ஐ.பி. 65 என்றும், மண்ணில் பதிக்கும் விளக்கில் ஐ.பி. 67 என்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது எண் நீரைத் தாங்கும் திறனைச் சொல்வது.

வயரை மண்ணில் ஆறு அங்குல ஆழத்தில் பதிக்கலாம். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். போகும் வழியை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவைத்தால், நாளை மண்வெட்டி பிடிப்பவர் வயரை வெட்டமாட்டார். இணைப்புகளுக்கு வெறும் டேப் போதாது. வெயிலிலும் மழையிலும் அது அவிழ்ந்துவிடும். நீர் புகாதபடி உள்ளே பசை அடைத்த இணைப்புமூடிகள் கடையில் கிடைக்கின்றன. இணைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். விளக்கு எரியாவிட்டால் கூட்டல், கழித்தல் முனைகள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

12 வோல்ட் என்பதால் அலட்சியமும் கூடாது. அதே பாட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் நெருப்புப் பொறி பறக்கும். ஆளைத் தாக்காத மின்சாரம் வயரைச் சுட்டெரிக்கும். ஆகவே ஃபியூஸ் உள்ள பெட்டியாக, அல்லது அளவு மீறினால் தானே அணையும் பெட்டியாக வாங்குங்கள். பெட்டியைத் துணியாலோ அட்டையாலோ மூடாதீர்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

230 வோல்ட் பக்கத்து வேலை எதையும் நாமே செய்யவேண்டாம். வெளியே புதிய சாக்கெட் வைப்பதானால், சுருஹான்ஜாயா தெனாகாவின் தகுதிச் சான்று பெற்ற மின் கம்பியாளரை அழைப்பதே முறை. வீட்டு மின்பெட்டியில் கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்சு ஒன்று இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். சுவிட்சு விழாவிட்டால், விளக்கு வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். யாரையேனும் மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 999-க்கு அழையுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நேயர்களே, சாமி மேடையில் நம் பாட்டி ஏற்றிய அகலுக்குக்கூட, காற்றடித்தால் அணையாதபடியும், குழந்தை கைபடாதபடியும் ஒரு மாடம் கட்டினார்கள். மின்விளக்குக்கும் அந்த முன்யோசனை வேண்டும். இந்தத் தீபாவளிக்குப் பட்டியல் போடும்போது புதுத்துணி, பலகாரத்தோடு ஒரு 12 வோல்ட் பெட்டியையும் ஒன்றரை வயரையும் சேர்த்துக்கொள்வோம். மழை பெய்தாலும் நம் வாசலில் விளக்கு எரியட்டும். அதனருகே நம் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடட்டும்.