குளிரினால் வந்த நீலமன்று



குழந்தையின் உதடும் நாவும் நீலம் பூத்தால், மலைக்குளிர் என்று சொல்லிவிடுகிறோம். கம்பளி போர்த்தியும் மாறாத நீலம் குளிரினால் வந்ததன்று. பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் விளக்கிய பிறவி இருதயக் குறையாக இருக்கலாம். இருதயத்தின் நடுச்சுவரில் துவாரம். நுரையீரலுக்குச் செல்லும் வழியோ ஒடுக்கம். ஆகவே பிராணவாயு ஏறாத இரத்தமும் கலந்து உடலெங்கும் பாய்கிறது.

தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் பிள்ளை அடிக்கடி குந்திக்கொள்கிறதா? சோம்பல் என்று அதட்ட வேண்டாம். குந்தும்போது நுரையீரலுக்குச் சற்று அதிக இரத்தம் போகிறது; பிள்ளை தானே கண்டுகொண்ட வைத்தியம் அது!

தாயின் பாவம் என்பாரும் நம்மிடையே உண்டு. பிறவிக் குருடனைப்பற்றி ஆண்டவர் சொன்னதை அவர்கள் மறந்தார்கள் போலும்.

1944-இல் பால்டிமோரில் இதற்கு முதல் அறுவை நடந்தது. இன்று துவாரத்தையே அடைக்கிறார்கள். தகுதியுள்ள ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உதவுகிறது. சந்தேகமிருந்தால் தாமதியாமல் கூடலூர் அரசு மருத்துவமனையில் காட்டுவோம்.